குளிர்நாட்டுக் கோடையும் எமது பெட்டியும்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது எம் முன்னோர் மொழி. அம்மொழியின் பொருளை நாம் செவ்வையாக உணர்ந்தது, சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், கிளிநொச்சியிலுள்ள எமது வீட்டு விறாந்தையில் மூன்று பயணப்பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்று அறியாது மூன்று நாட்கள் திகைத்திருந்த பொழுதிலேயாம்.

நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவில் வாழும் எம் தமையனாரைக் காணும்பொருட்டு, எழுபத்தொன்பது வயது நிரம்பிய எம் அன்னையாரும், இல்லாளும், நாமும் ஆடி மாதத்தில் புறப்படுவதாக இருந்தோம். “கோடைக்காலந்தானே, எங்கள் உடுப்புகளே போதும்” என்றார் அயலவர் ஒருவர். “அது பனி விழும் தேசம், கம்பளி மூட்டையோடு போங்கள்” என்றார் இன்னொருவர். இருவரும் அந்நாட்டைக் கண்டவரல்லர். ஆயினும் இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருந்ததென்பதைப் பின்னரே அறிந்தோம்.

நோர்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்றையும் சேர்த்து ஸ்கண்டினேவியா என்பர். வன்னியில் வாழும் எமக்கு இந்நாட்டார் முற்றிலும் புதியவரல்லர். 2002ஆம் ஆண்டு மாசி மாதம் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைக் கண்காணிக்க, இம்மூன்று நாடுகளிலிருந்தும் பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றிலிருந்தும் கண்காணிப்பாளர் வந்தனர். அக்குழு 2008ஆம் ஆண்டு தை மாதம் வரை இலங்கையிலிருந்தது. கிளிநொச்சியிலும் அதற்கோர் அலுவலகம் இருந்தது. கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் நாட்களில், முகமும் கழுத்தும் சிவந்து, முதுகில் ஒட்டிய சேட்டுடன் அவர்கள் ஏ9 வீதியோரத்தில் நிற்பதைக் கண்டு நாமும் நண்பர்களும் புன்னகைத்ததுண்டு. எம் வெயிலுக்கு என்ன உடுப்பதென்று அவர்களும் தத்தம் வீட்டில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு திகைத்திருப்பார்கள் அல்லவா? அன்று அது எமக்குத் தோன்றவில்லை. எமது முறை வந்தபோதே தோன்றிற்று.

பெட்டி கட்டும்போது ஒருவருக்கு ஆலோசனை கூற இருவர் முந்திக்கொண்டு வருவர். ஒருவர் பெயர் அச்சம். மற்றவர் பெயர் பெருமை.

எமது வீட்டில் அச்சத்தின் கட்சியில் நின்றவர் அன்னையார். “கிடக்கட்டும் தம்பி, ஆபத்துக்கு உதவும்” என்று சொல்லிச் சொல்லி, துவாய் எட்டு, படுக்கை விரிப்பு நான்கு, பழைய சேலைகள் பன்னிரண்டு எனப் பெட்டியை நிரப்பினார். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பயணத்துக்கென்று கட்டுவதும், ஓடுவதற்கென்று கட்டுவதும் இருவேறு கலைகள். வன்னி மக்கள் இரண்டாவதிலேயே தேர்ந்தவர்கள். 2008ஆம் ஆண்டு புரட்டாதியில் நாம் வீட்டைவிட்டுக் கிழக்கே நகர்ந்தபோது, கதவு நிலை, ஓடு, நெல்மூட்டை யாவும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறின. தருமபுரத்தில் சிலவற்றை விட்டோம். விசுவமடுவில் பலவற்றை விட்டோம். புதுக்குடியிருப்பில் கைப்பிடி கொண்டவற்றை மாத்திரம் எடுத்தோம். 2009ஆம் ஆண்டு வைகாசியில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் நாம் நின்றபோது, அன்னையார் கையில் எஞ்சியிருந்தது ஒரு சொப்பிங் பை மட்டுமே. எம் தந்தையார் அவ்வழியிலேயே மறைந்துவிட்டார்.

அப்பையில் இருந்தவை அடையாள அட்டை, எமது பட்டச் சான்றிதழ், ஒரு சேலை, ஒரு கம்பளிச் சுவெற்றர்.

இந்தச் சுவெற்றரைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில், 2003ஆம் ஆண்டு ஆடியில், எம் தமையனார் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வீடு வந்தார். வந்தவர் அன்னையார் கையில் கொடுத்தது, கறுப்பு நூலில் வெண்புள்ளிகள் இட்டுப் பின்னிய, கழுத்திலும் மணிக்கட்டிலும் அலங்கார வேலை செய்த ஒரு கம்பளிச் சட்டை. வெளியே 34 பாகை வெயில். சட்டையோ புதியதுமன்று, முழங்கைகளில் ஒட்டுத்தையல் கிடந்தது. “நோர்வேயிலிருந்து வந்த பிள்ளை தாய்க்குப் பழஞ்சட்டையோ கொண்டு வந்தது?” என்று உறவினர் ஒருவர் எம் காதுபடவே முணுமுணுத்தார். அன்னையார் ஒன்றும் கூறாது அதனை வேப்பிலையுடன் றங்குப் பெட்டியில் வைத்தார். வீடு, வயல், நகை யாவும் போன பின்னரும் அது போகவில்லை. முகாமில் அதனைத் தலைமாட்டில் வைத்தே உறங்கினார். மகன் உடுத்த சட்டையென்ற பாசத்தையன்றி வேறு காரணம் எதுவும் அதற்கில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம்.

இனி, பெருமையின் கட்சி. அதில் நின்றவர்கள் உறவினர். உண்மையைச் சொல்வதாயின், ஓரளவு நாமும். திருமணத்துக்குத் தைத்த கோட்டும் சூட்டும் வேண்டுமென்றனர். இல்லாளுக்குக் காஞ்சிபுரம் பட்டு ஐந்தாவது வேண்டுமென்றனர். “அங்கேயுள்ள எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?” என்பதே அவர்களது வாதம். கோட்டு 2 கிலோ. ஐந்து பட்டுச் சேலைகள் 4 கிலோ. எமது விமானச்சீட்டில் ஆளுக்கு 30 கிலோவே அனுமதி.

இவ்விருவருக்கும் அப்பால், எவரும் அழையாத மூன்றாம் ஆலோசகர் ஒருவர் உண்டு. அவரே காலநிலை. தமையனார் தொலைபேசியில் அவர் சார்பாகப் பேசினார்.

“ஒஸ்லோவில் ஆடி மாதத்துப் பகல் வெப்பம் ஏறத்தாழ 22 பாகை, இரவில் 13 பாகைக்கு இறங்கும். சில ஆண்டுகளில், 2018இற் போல, 30 பாகையையும் தாண்டும். மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரில் எந்நேரமும் மழை பெய்யலாம். வடக்கே துரொம்சோவில் ஆடியின் சராசரி வெப்பம் 12 பாகைதான். ஒரே நாளில் வெயில், மழை, காற்று மூன்றும் வரும். ஆகையால் தடித்த உடை ஒன்று வேண்டாம். மெல்லிய உடை மூன்று வேண்டும்.”

இறுதி வாக்கியமே எமக்குத் திறவுகோல். அந்நாட்டார் உடையை மூன்று அடுக்காக எண்ணுகின்றனர். உடலைத் தொடும் உள்ளுடை ஒன்று. வெப்பத்தைப் பேணும் இடையுடை ஒன்று. காற்றையும் மழையையும் தடுக்கும் மேலுடை ஒன்று. வெயில் எறித்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் இடுவர். குளிர் வந்தால் ஒவ்வொன்றாக அணிவர். தீய வானிலை என்று ஒன்றில்லை, தீய உடையே உண்டு என்பது அவர்களது பழமொழி. அவர்களது மொழியில் வானிலைக்கும் உடைக்கும் உரிய சொற்கள் எதுகையாய் அமைவதால், சிறு பிள்ளைகளும் அதனைச் சொல்லித் திரிகின்றனர்.

அடுக்கினால் குளிர் எவ்வாறு நீங்குகின்றது என மாணவர் வினவலாம். வெப்பத்தைக் காப்பது துணியன்று, துணிக்குள் அசையாது நிற்கும் காற்றே. கிடுகுக் கூரை வெயிலைத் தடுப்பதும், சாக்கினாற் போர்த்திய சோற்றுப்பானை நெடுநேரம் சூடாயிருப்பதும் இதனாலேயே. எமக்கு இனிய பருத்தி, நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்ளும். நீரோ காற்றைக் காட்டிலும் 20 மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலின் வன்னி வெயிலில் எம்மைக் குளிர்விக்கும் பருத்தி, நோர்வே மழையிலும் அதே தொழிலைச் செய்து எம்மை நடுங்க வைக்கும். கம்பளி மயிரோ சுருண்டு சுருண்டு காற்றைப் பிடித்து வைத்திருப்பது. தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் உடலுக்கு ஈரமாய்த் தோன்றாது.

கம்பளி உள்ளுடைக்குக் கிளிநொச்சிச் சந்தையில் எங்கே போவது? போருக்குப் பின்னர் எமது மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. அங்கே எம் ஊர்ப் பெண்கள் தைக்கும் உடைகள் கடல்கடந்து செல்கின்றன. எனினும் அவை எமது கடைகளுக்கு வருவதில்லை. கொழும்பிற் சென்று, ஏற்றுமதிக்கெனத் தைத்து எஞ்சியவற்றை விற்கும் கடைகளில், தலைமூடியுள்ள நீர்புகா மேலுடை மூன்றை மலிவாக வாங்கினோம். கம்பளி உள்ளுடைகளை ஒஸ்லோவில் வாங்கி வைத்திருப்பதாகத் தமையனார் கூறிவிட்டார்.

பயணம் செய்யவிருப்போருக்கு உதவுமென்று, முடிவில் எமது பெட்டியில் வைத்தவற்றை இங்குத் தருகின்றோம். ஆளுக்கு நீர்புகா மேலுடை ஒன்று. மெல்லிய சுவெற்றர் ஒன்று. எமக்கு நீளக்கை சேட்டு நான்கு, விரைவில் உலரும் காற்சட்டை இரண்டு, வீட்டுக்குச் சறம் இரண்டு, கோயிலுக்கு வேட்டி சால்வை ஒரு சோடி. இல்லாளுக்குப் பஞ்சாபி நான்கு, நைலெக்ஸ் சேலை இரண்டு, பட்டு ஒன்றே ஒன்று. நடந்து பழகிய சப்பாத்து ஒரு சோடி. புதுச் சப்பாத்தை விமானத்தில் ஏற்றுவது காலுக்குத் தண்டனை. மேசு ஆறு சோடி. அவற்றில் ஓட்டை இருத்தல் ஆகாது. ஏனெனில் நோர்வே மக்களும் எம்மைப் போலவே வீட்டு வாயிலிற் சப்பாத்தைக் கழற்றிவிட்டே உள்ளே செல்வர். கண்ணை மறைத்துக் கட்டக் கறுப்புத் துணி ஒன்று. ஆடியின் தொடக்கத்தில் ஒஸ்லோவில் சூரியன் அதிகாலை 4 மணியளவில் உதித்து, இரவு பத்தரை மணிக்குப் பின்னரே மறையும்; துரொம்சோவிலோ வைகாசி 20 அளவிலிருந்து ஆடி 22 அளவு வரை மறைவதே இல்லை. கோட்டு வீட்டிலேயே நின்றுவிட்டது.

அன்னையாருக்கு நான்கு சேலையும், நீளக்கைச் சட்டைகளும், ஒரு சால்வையும். சேலைக்குள் அணியக் கம்பளிக் காற்சட்டை வேண்டுமென்று இல்லாள் மெல்லச் சொன்னபோது, “இந்த வயசிலை எனக்குக் களிசானோ பிள்ளை?” என்று சீறினார். பன்னிரண்டு பழஞ்சேலையும் பெட்டியினின்று வெளியேறின. “திரும்பி வரத்தானே போகிறோம் அம்மா” என்றோம். அவர் எம்மை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஓம், திரும்பி வரத்தான்” என்றார். பின்பு றங்குப் பெட்டியைத் திறந்து, அந்தக் கறுப்புச் சுவெற்றரை எடுத்துவந்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். அதன் எடை ஒரு கிலோவுக்குக் குறையாது. நாம் வாய் திறக்கவில்லை.

ஒஸ்லோவில் முதல் வாரம் இனிய வெயில். “இதுக்கோ இவ்வளவு ஆரவாரம்?” என்று அன்னையார் எம்மை நகையாடினார். அங்குள்ள அம்மெறூட் என்னுமிடத்தில், 1998ஆம் ஆண்டு நிறுவப்பட்ட சிவசுப்பிரமணியர் ஆலயத்துக்குப் பருத்திச் சேலையுடனேயே சென்று வந்தார். இரண்டாம் வாரம் புகையிரதத்திற் பேர்கன் சென்றோம். இடையில் 1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்சே என்னும் நிலையத்தில் வண்டி நின்றது. எம் நுவரெலியாவினும் தாழ்ந்த உயரமே அது. ஆயினும் ஆடி மாதத்திலும் மலைச்சரிவிற் பனித்திட்டுக்கள் வெண்மாட்டு மந்தை போலக் கிடந்தன.

பேர்கனில் இறங்கியதும் மழை. எமது கார்த்திகை மழை போன்று இடித்துக் கொட்டுவதன்று. ஓசையின்றித் தூறித் தூறி விடாது பெய்வது. அந்நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றதாம். கடற்காற்றில் எமது குடை முதல் ஐந்து நிமிடத்திலேயே மடங்கிற்று. மேலுடையை அணியாது பையில் வைத்திருந்த அன்னையாரின் சேலைத் தலைப்பும் கரையும் நனைந்து காலோடு ஒட்டின, உதடுகள் நடுங்கின. துறைமுகத்தருகே ஒரு கூரையின்கீழ் அமர்த்தி, ஈரச் சால்வையை நீக்கி, அந்தக் கறுப்புச் சுவெற்றரை அணிவித்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்டியிலும் பையிலும் கிடந்த சட்டை முதன்முறை தன் தொழிலைச் செய்தது. சிறிது நேரத்தில் நடுக்கம் நின்றது.

அருகிலிருந்த நோர்வே மூதாட்டி ஒருவர் அதனைக் கூர்ந்து நோக்கி, புன்னகையுடன் ஏதோ வினவினார். “என்னவாம்?” என்றார் அன்னையார். தமையனார் உடனே விடை கூறவில்லை.

“ஆர் பின்னினது எண்டு கேக்கிறா, அம்மா.”

அதன்பின் அவர் சொன்னவற்றை, நாம் யாவரும் அன்றே முதன்முறை கேட்டோம்.

ஈழத்தமிழர் நோர்வே சென்ற வரலாறு, யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் 1956ஆம் ஆண்டு அங்குச் சென்றதோடு தொடங்குகின்றது. அவரே பின்னர் நோர்வே மக்களின் உதவியுடன் சீநோர் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். 1980களில் எம் இளைஞர் பலர் அந்நாட்டு மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராய்ச் சென்றனர். அவர்களுட் பலர் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன் ஆலைகளில் வேலைக்கமர்ந்தனர். எம் தமையனாரும் 1987இல் அவ்வழியே சென்றவர். அங்கே மார்கழியையொட்டிய ஏறத்தாழ இரு மாதம் சூரியன் எழுவதில்லை. ஊரிலிருந்து கொண்டு சென்ற பருத்திச் சேட்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, ஈரத்தரையில் நின்று மீன் வெட்டினாராம். அருகில் நின்று வேலைசெய்த முதிய பெண்ணொருவர் இரண்டு நாள் பார்த்திருந்து, மூன்றாம் நாள் கம்பளி மேசு இரண்டு சோடி கொண்டுவந்து கொடுத்தார். நத்தாருக்கு முன் இச்சட்டையைப் பின்னி முடித்தார். இவ்வெண்புள்ளிகளுக்கு அந்நாட்டார் வைத்துள்ள பெயர் “பேன்” என்றும், பேன் பார்க்க உனக்கு இங்கே தாய் இல்லையே என்றும் சொல்லிச் சிரித்தாராம். பதினாறு குளிர்காலம் அதனை உடுத்த பின்னர், தன்னிடமிருந்த பொருள்களுள் மிக உயர்ந்தது அதுவே என்று கருதி, அன்னையாருக்குக் கொண்டுவந்தார்.

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமே, அண்ணா?” என்றோம்.

“குளிரிலை நடுங்கினனான் எண்டு சொன்னால் அம்மா அழுவா எண்டு விட்டிட்டன்” என்றார்.

அன்னையார் அழவில்லை. “அந்த மனுசி இப்ப எங்கை?” என்று மட்டும் கேட்டார். காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின என்றார் தமையனார். அன்னையார் சட்டையின் முழங்கை ஒட்டுத்தையலை விரலால் தடவியபடி, மழை விடும்வரை பேசாதிருந்தார்.

ஒஸ்லோ திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை, கோயிலில் மோட்ச அர்ச்சனை ஒன்று செய்யவேண்டுமென்றார். பெயரைத் தமையனார் சொன்னார். நட்சத்திரம் எவருக்கும் தெரியாது. குருக்கள் ஒரு கணம் தயங்கிப் பின், “பெயர் போதும் அம்மா” என்று தொடங்கினார். சுற்றிலும் பட்டுச் சேலைகள் மின்ன, நடுவே அன்னையார் சேலைமேல் அந்தக் கறுப்புச் சுவெற்றரை அணிந்து, கைகூப்பி நின்றார். சிலர் திரும்பிப் பார்த்தனர். அங்கேயுள்ள எம்மவர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், உண்மையாகவே, எமக்கு அப்போது எழவில்லை. சேலைக்குள் கம்பளிக் காற்சட்டையும் அணிந்திருந்தார் என்பது எம் வீட்டாருக்கு மாத்திரம் தெரிந்த இரகசியம்.

ஐந்து வாரம் கழித்து, சொன்னபடியே திரும்பி வந்தோம். சுவெற்றர் மீண்டும் வேப்பிலையுடன் றங்குப் பெட்டியில் உள்ளது. இவ்வாண்டு டென்மார்க்கிலுள்ள மகளிடம் செல்லவிருக்கும் அயல்வீட்டு அம்மையார், சென்ற கிழமை எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். மேலே எழுதிய பட்டியலை ஒழுங்காகக் கூறினோம்: மூன்று அடுக்கு, நீர்புகா மேலுடை, ஓட்டையற்ற மேசு, பட்டு ஒன்று. விறாந்தையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அன்னையார் எல்லாவற்றையும் கேட்டிருந்துவிட்டு, முடிவில் தாமும் ஒன்று சொன்னார்.

“மேள் ஏதும் பழசைத் தந்தால் முகத்தைச் சுழியாதை பிள்ளை. ஆர் பின்னினது எண்டு கேள்.”